சொன்னேம்லாவும் சரியாச்சும்

எங்க ஊர்ப்பக்கம் ஒரு வார்த்தை உண்டு. 'சொன்னேம்லா.' நான்தான் அப்பவே சொன்னேனேன்னு அர்த்தம். கோர்ட்டுல சத்தியம் பண்ணுததுக்குப் பதிலா இதச் சொன்னாப் போதும்னு எங்க ஆளுகளுக்கு ஒரு நம்பிக்கை. யாருகிட்ட சொன்ன, எப்பச் சொன்ன, அவன் காதுல விழுந்துதா, ஒண்ணும் கேக்கப்படாது. சொன்னேம்லா. அதோட சரி.

இந்த ஒத்த வார்த்தையால நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. தென்காசியில இருந்து குத்தாலம் போற ரோட்டுல ஒரு மூணு மாடி ஆஸ்பத்திரி. அங்க கம்ப்யூட்டர் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பிரிவுன்னதும் பெருசா நினைச்சிராதீங்க. லிஃப்டுக்குப் பின்னால ஒரு ரூம், ஒரு மேசை, ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டு, பொறவு நான். பில்லிங் கம்ப்யூட்டர்ல இருந்து ஸ்கேன் ரூம் பிரிண்டர் வரைக்கும் எது படுத்தாலும் நான்தான் போயி எழுப்பணும். எல்லாருக்கும் நான் 'சிஸ்டம் அக்கா'. என்னைவிட பத்து வயசு மூத்த மருந்துக்கடை அண்ணனுக்கும் நான் அக்காதான்.

ரிப்பேரை எனக்குச் சொல்லுததுக்கு இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது. லிஃப்டுல சொல்லுவாங்க. கேன்டீன்ல என் வாயில இட்லி இருக்கும்போது சொல்லுவாங்க. பாத்ரூம் கதவத் தட்டிச் சொன்னவங்களும் உண்டு. எங்க அக்கா மகளுக்குப் புளியங்குடியில காதுகுத்து. ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு, பிள்ள வீல்னு கத்துது, நான் அவ தலைய அசையாமப் பிடிச்சிட்டிருக்கேன். விருந்துக்கு வந்த பில்லிங் அண்ணன் என் பக்கத்துல குனிஞ்சு, "சிஸ்டம் அக்கா, மூணாம் கவுண்டர்ல மவுஸ் ஓட மாட்டேங்குது"ங்காரு. திங்கக்கிழமை போனா, "இன்னும் பாக்கலியா? சொன்னேம்லா!" அன்னைக்குக் காது குத்துனது பிள்ளைக்கா எனக்கான்னு தெரியல.

இப்படியே பல வருஷம் போயிருக்கும். கடைசியில லேப் பிரிண்டரால வினை வந்துது. ஒரு நாள் பூரா அது ஓடல. ரிப்போர்ட்ட கையால எழுதிக் குடுத்திருக்காங்க, அதுல ஒரு எண் மாறிப் போச்சு. பெரிய டாக்டர், அதாவது ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர், எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினாரு. லேப்காரங்க ஒரே குரல்ல, "சிஸ்டம் அக்காகிட்ட மூணு தடவ சொன்னோம் சார்." என்கிட்ட ஒரு தடவகூட யாரும் சொல்லல. நான் சொன்னத யாரு கேட்டா? ஒருத்தி 'இல்ல'ங்கா, நாலு பேரு 'ஆமா'ங்காங்க. மெமோ குடுத்தாங்க. வாங்கிட்டு வந்து லிஃப்டுக்குப் பின்னால உக்காந்து அழுதேன். அழுது முடிச்சதும் கோவம் வந்துது. எனக்கு அழுகைய விடக் கோவந்தான் ரொம்ப நேரம் நிக்கும்.

பெரிய கம்பெனிகள்ல ரிப்பேர் சொல்லுததுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சிருப்பாங்க. கோளாறுன்னா கம்ப்யூட்டர்ல எழுதிப் போடணும். அதுக்கு ஒரு நம்பர் விழும். யாரு போட்டா, எப்பப் போட்டா, யாரு பாத்தா, எப்பச் சரி பண்ணினா எல்லாம் அதுலயே நிக்கும். அதுலயும் ஓப்பன் சோர்ஸ்னு ஒரு வகை இருக்கு. எழுதினவங்க ஊருக்கே திறந்து வச்சிருப்பாங்க. யாரும் எடுத்துப் போட்டுக்கலாம், உள்ள கைய விட்டு நம்ம வசதிக்கு மாத்தியும் வச்சுக்கலாம். அப்படி ஒண்ண எடுத்துப் போடுவோம்னு முடிவு பண்ணினேன்.

மேனேஜர் அண்ணாச்சிகிட்ட போயி நின்னேன். சிவகிரிப் பக்கத்துக்காரர், பட்டாளத்துல இருந்து வந்தவர். மீசையப் பாத்தாலே சல்யூட் வச்சிரலாம்னு தோணும்.

"ஓப்பன் சோர்ஸ்னா என்னம்மா?"

"யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம் அண்ணாச்சி. விலை கிடையாது."

"அப்ப ஓ.சி. சோர்ஸ்னு சொல்லு. ஓசியில வாரது ஒருநாள் நம்ம தலையில விடியும். அதெல்லாம் வேண்டாம், உன் சோலியப் பாரு."

"இதுதான் அண்ணாச்சி என் சோலி"ன்னுட்டு வந்துட்டேன். வேண்டாம்னா விட்டுருவேனா? ஸ்கேன் ரூம்ல இருந்து கழிச்சுக் கட்டின பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு படிக்கட்டுக்கு அடியில கிடந்துது. தூசியத் தட்டி, மெமரி கார்டைக் கழட்டி ரப்பரால தேச்சு மாட்டினேன், உசிரு வந்துது. ஞாயித்துக்கிழமைகள்ல லீவுல வந்து உக்காந்து ஏத்தினேன். ஒரு வாரம் ஏறும், மறுவாரம் மக்கர் பண்ணும். நாலாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அது பாட்டுக்கு ஓடிச்சு. நான் தன்னந்தனியா கைதட்டினேன்.

எங்க அப்பா ரிட்டயர்டு ஏட்டு. பல ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்தவர், அதாவது வர்ற புகாரையெல்லாம் உக்காந்து எழுதுத வேலை. அவருகிட்ட பெருமையாச் சொன்னேன், பாராட்டுவாருன்னு. "எழுதாத வரைக்குந்தாட்டி நீ ராஜா. எழுதிட்டியோ, மொதல்ல மாட்டுறது எழுதினவன்"னுட்டு டி.வி. சத்தத்தக் கூட்டிட்டாரு.

நான் கேக்கல. மொத நாள் ரெண்டாவது மாடி வார்டுல நர்ஸுகளக் கூட்டி வச்சு விளக்கினேன். "இனிமே வாயால சொல்லப்படாது. எது ரிப்பேர்னாலும் கம்ப்யூட்டர்ல ஒரு டிக்கெட் போடுங்க. எனக்கு உடனே தெரிஞ்சிரும். நான் வந்து பாத்து அந்த டிக்கெட்ட முடிச்சு விட்டுருவேன்."

பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு மூக்குல குழாயோட படுத்திருந்தாரு. அவரு சம்சாரம் விருட்டுன்னு எந்திரிச்சா. "ஏட்டி, யாருக்குட்டி டிக்கெட்டு? யார முடிச்சு விடப் போற? நல்லாத்தான இருக்காவ, இப்பதான கஞ்சி குடிச்சாவ!" நெஞ்சுல அடிச்சிட்டு அழுதா பாருங்க, மூணு மாடிக்கும் கேட்டிருக்கும். நம்ம ஊருல ஒருத்தரு 'டிக்கெட் வாங்கிட்டாரு'ன்னா பஸ்ஸுக்கு வாங்கினாருன்னா அர்த்தம்? எனக்கு அது புத்தியில உறைக்கவே இல்ல. அந்த ஆச்சி கால்ல விழாத குறையாச் சமாதானம் பண்ணினேன்.

வாயப் பொத்திட்டுச் சிரிச்சா ஒருத்தி. அந்த வார்டு சிஸ்டர், வாசுதேவநல்லூர்க்காரி. என்னைவிட ஆறேழு வயசு சின்னவ. பிள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டு தினமும் பஸ்ஸுல வந்து போறவ. புருசன் வெளிநாட்டுல இருக்கான்னு பேரு, போன் வந்து பல மாசம் ஆச்சு. அவ சம்பாத்தியத்துலதான் வீடு ஓடுது. நாங்க ரெண்டு பேரும் கேன்டீன்ல சேந்து உக்காந்தா, 'சிஸ்டமும் சிஸ்டரும் வந்தாச்சு'ன்னு கேலி பண்ணுவாங்க.

"அக்கா, டிக்கெட்டுன்னா ஒருத்தரும் போட மாட்டாவ. வேற பேரு வைங்க"ன்னா அவ.

"சீட்டுன்னு வைப்போமா?"

"நல்லா வச்சீங்க. சீட்டு கிழிஞ்சிரும்னு இங்கன ஆளாளுக்குப் பயந்துட்டுக் கிடக்கோம். டோக்கன்னு வைங்க. ஓ.பி.யில டோக்கன் வாங்கித்தான எல்லாரும் உள்ள வாராவ."

அன்னைக்கே சாஃப்ட்வேருக்குள்ள போயி, வார்த்தைகள் இருக்குத ஃபைலத் திறந்து, டிக்கெட்டுன்னு எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் டோக்கன்னு மாத்தினேன். அடுத்த தகராறு 'க்ளோஸ்'. 'முடிந்தது'ன்னு போடலாம்னா ஆஸ்பத்திரியில அதுவும் ஆகாது. முடிஞ்சிட்டுன்னா என்ன முடிஞ்சிட்டு? கடைசியா வேலை பாக்கியிருந்தா 'நிக்குது', வேலை ஆயிட்டா 'சரியாச்சு'. நிக்குதுக்குச் செவப்பு, சரியாச்சுக்குப் பச்சை. காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர்ல எவனாவது இப்படிக் கைவைக்க விடுவானா? ஓ.சி. சோர்ஸாம்! இதுல ஒரு வேடிக்கை, டிக்கெட்டுன்னா அலறுத இதே ஆளுக, பிரிண்டர் மக்கர் பண்ணினா 'இந்தச் சவத்தத் தூக்கி அங்கிட்டுப் போடு'ம்பாங்க. சவம்னா மட்டும் ஒருத்தருக்கும் பயமில்ல.

போடாம இருந்து பாத்தாங்க. லிஃப்டுல வந்து சொன்னாங்க, நான் காது கேக்காதவ மாதிரி நின்னேன். "சொன்னேம்லா"ன்னா, "டோக்கன் நம்பர் சொல்லுங்க"ன்னேன். லேப்காரங்களுக்கு, மருந்துக்கடை அண்ணனுக்கு, ஒரு தடவ பெரிய டாக்டருக்கே அதுதான் பதில். அவரு ஒரு நிமிசம் முறைச்சிட்டு, போயி டோக்கன் போட்டாரு. முதுகுக்குப் பின்னால 'டோக்கன் அக்கா'ன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும், எனக்கென்ன வந்துது. அந்த வருஷம் எனக்கு ஒரு மெமோகூட வரல.

வாசுதேவநல்லூர்க்காரிதான் மொத மொத ஒழுங்காப் போட்டவ. நிறைய எழுதுவா. "அக்கா, கீபோர்டுல ஒரு எழுத்து அமுங்கிட்டு எந்திரிக்கவே இல்ல, நேத்து யாரோ டீய ஊத்தியிருக்காவ, நான் இல்ல" அப்படின்னு. படிக்கும்போதே அவ குரல் கேக்கும்.

மறு வருஷம் சீசன் வந்துது. மலையில சாரல் விழுந்தா எங்க ஆஸ்பத்திரிக்குத் தனிக் கூட்டம். எண்ணெய் தேச்சுட்டு அருவிக்குப் போயி வழுக்கி விழுந்தவங்க கைய மடிச்சுக் கட்டிட்டு வந்து நிப்பாங்க. கவுண்டர், கதவு, லிஃப்டு பட்டன் எல்லாத்துலயும் எண்ணெய். கரண்டும் காத்துக்குத் தகுந்த மாதிரி கண்ணடிக்க ஆரம்பிச்சிரும். அந்த நேரத்துல ரெண்டாவது மாடி நர்ஸ் மேசையில யூ.பி.எஸ். பேட்டரி ஊதிப் போச்சு. கரண்டு போனா கம்ப்யூட்டரத் தாங்கிப் பிடிக்குத பெட்டி அது. சிஸ்டர் டோக்கன் போட்டா.

போயிப் பாத்தேன். புது பேட்டரிதான் போடணும். மேனேஜர் அண்ணாச்சிகிட்ட சொன்னேன். இப்ப அவருக்கு என் டோக்கன் லிஸ்டு மேல ரொம்பப் பிரியம். ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் குடுக்க ஆளுக சோதனைக்கு வரப் போறாங்க, அவங்ககிட்ட பச்சைப் பசேல்னு காட்டலாம்லா.

"பேட்டரி மதுரையில இருந்து வந்துட்டே இருக்கும்மா. நாளைக்கு மாட்டிரலாம். நீ சரியாச்சுன்னு போட்டு விடு. லிஸ்ட்ல ஒரு செவப்பு இருந்தா அசிங்கமா இருக்கு."

நான் போட்டேன். இத எழுதும்போது எனக்கு வெக்கமா இருக்கு, ஆனாலும் எழுதுதேன். சரியாகாத ஒண்ணுக்குச் சரியாச்சுன்னு அமுத்தினேன். நாளைக்குத்தான வந்திரும்னு நினைச்சேன்.

நாளைக்கு வரல. அவ திரும்பப் போட்டா. "அக்கா, சரியாகல." சோதனைக்காரங்க அன்னைக்குத்தான் வந்திருந்தாங்க. மேனேஜர் கதவுகிட்ட நின்னு, 'அமுத்து'ன்னு கைய ஆட்டினாரு. அமுத்தினேன். மறு வாரம் மூணாவது டோக்கன். அன்னைக்கு எனக்கு என்ன சனியன் பிடிச்சுதோ, அமுத்தினதோட விடாம போனப் போட்டு, "வருதுட்டி, சும்மா சும்மா போட்டுட்டு இருக்காத"ன்னு அவளத்தான் சத்தம் போட்டேன். அவ பொறவு போடவே இல்ல.

அஞ்சாறு நாள் கழிச்சு ஒரு மத்தியானம். சர்க்கரை வியாதிக்காரர் ஒருத்தருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால இன்சுலின் ஊசி போட்டுட்டு, அத கம்ப்யூட்டர்ல பதிஞ்சிட்டு இருந்திருக்கா சிஸ்டர். கரண்டு ஒரு வெட்டு வெட்டிச்சு. திரை இருட்டா போச்சு, பதிஞ்சதும் போச்சு. அது திரும்ப உசிரு வாரதுக்குள்ள அவளுக்கு ட்யூட்டி முடியுத நேரம் ஆயிட்டு, பஸ்ஸு போயிரும். அடுத்து வந்த நர்ஸுகிட்ட வாயால சொல்லிட்டுப் போயிட்டா. அந்த நர்ஸுக்கு அது காதுல விழல. திரையில ஊசி போட்டதா இல்ல, அதனால இன்னொண்ணு போட்டுட்டா.

நோயாளிக்குச் சர்க்கரை சரசரன்னு இறங்கி, வேர்த்து, நடுங்கி, ஆளு கண்ணச் சொருகிட்டாரு. நல்லவேளை, உடனே பாத்து குளுக்கோஸ் ஏத்தினாங்க. சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்து டீ கேட்டாரு. ஆனா அவரு மகன்மாரு சும்மா இருப்பாங்களா? வராந்தாவுல நின்னு கத்தினது ரோட்டு வரைக்கும் கேட்டுது.

மறுநாள் விசாரணை. பெரிய டாக்டர் ரூம்ல அவ நிக்கா, மேனேஜர் உக்காந்திருக்காரு, என்னையும் கூப்பிட்டாங்க.

"யூ.பி.எஸ். வேலை செய்யலன்னா சொல்லணும்லா? ஏன் சொல்லல?"ன்னாரு பெரிய டாக்டர்.

"சொன்னேன் சார். டோக்கன் போட்டேன்."

மேனேஜர் ஒரு பேப்பர நீட்டினாரு. வாரா வாரம் அவரு எடுத்து வைக்குத லிஸ்டு. எந்த மாடியில எத்தன நிக்குது, எத்தன சரியாச்சுங்கது மட்டுந்தான் அதுல இருக்கும், யாரு என்ன எழுதிப் போட்டாங்கங்கது இருக்காது. "பாருங்க சார். ரெண்டாவது மாடி, எல்லாமே சரியாச்சுன்னுதான் இருக்கு. ஒரு செவப்புகூட இல்ல. இந்தம்மா சும்மா சொல்லுதாவ."

அவ என்னத் திரும்பிப் பாத்தா. அக்கா சொல்லுவான்னு. நான் வாயத் திறக்கல. ஆமா, திறக்கல. பெரிய டாக்டர் அவளப் பாத்து, "நாளைக்குக் காலையில ராஜினாமா எழுதிக் குடுத்திரு. இல்லன்னா நர்சிங் கவுன்சிலுக்கு எழுத வேண்டி வரும்"னாரு. கவுன்சிலுக்குப் போனா அவ வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் வேலை பாக்க முடியாது. தலையக் குனிஞ்சிட்டே வெளிய போனா.

கொஞ்ச நேரத்துல மேனேஜர் என் ரூமுக்கு வந்தாரு. பல வருஷத்துல அவரு அந்த ரூமுக்குள்ள கால் வச்சது அதுதான் மொதத் தடவ. கதவச் சாத்தினாரு.

"அந்த மூணு டோக்கனும் இன்னும் உள்ள கிடக்குதாம்மா?"

"கிடக்கு அண்ணாச்சி. யாரு போட்டா, யாரு எப்ப சரியாச்சுன்னு அமுத்தினா, எல்லாம் இருக்கு."

"அமுத்தினது யாரு பேருல இருக்கு?"

"என் பேருல."

"அப்பச் சவத்த அழிச்சிரு. உனக்கும் நல்லது. எனக்கும் ரெண்டு வருஷத்துல ஓய்வு." எந்திரிச்சுப் போகும்போது மெதுவாச் சொன்னாரு, "எவளோ ஒருத்திக்காக நீ ஏன் தலையக் குடுக்க?"

அழிக்க முடியாதுன்னு இல்ல. திறந்த வீடு, சாவி என்கிட்ட. உள்ள போயி டோக்கனையும் அழிச்சு, அழிச்ச தடத்தையும் அழிக்க எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில வேற ஒருத்தருக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது. உக்காந்து அந்த மூணையும் திறந்து வச்சுப் பாத்துட்டே இருந்தேன். 'அக்கா, சரியாகல.' அவ குரலு. அதுக்குக் கீழ என் பேரு. சரியாச்சு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டுட்டு இருந்தவரு கைய நிறுத்தினாரு. "அழிக்காத. அது தப்பு. ஆனா நீயா கொண்டு போயி காட்டவும் செய்யாத. யாரும் கேக்காத பக்கத்த நீ ஏன் திருப்புத?"

"அப்ப அவ?"

"அவ விதி."

எனக்கு வந்துதே கோவம்! "விதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லப்பா. அமுத்தினது நான். மூணு தடவ. நீங்க ஸ்டேஷன்ல எத்தன பக்கத்தத் திருப்பாம விட்டீங்களோ, அது உங்க பாடு. என்னால முடியாது." எங்க அப்பாகிட்ட அப்படி நான் பேசினதே இல்ல. அவரு தட்டை எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. காலையில நான் கிளம்பும்போது என் வண்டியத் தொடச்சு, வாசல்ல திருப்பி நிறுத்தி வச்சிருந்தாரு.

எட்டரை மணிக்கெல்லாம் பிரிண்டு எடுத்துட்டேன். மூணு டோக்கன், மூணு பேப்பர். ஒவ்வொண்ணுக்கும் கீழ யாரு எந்த நேரத்துல என்ன செஞ்சாங்கங்கது வரி வரியா. பெரிய டாக்டர் ரூமுக்கு நான் போகும்போது சிஸ்டர் ராஜினாமாவ மேசையில வச்சிட்டு நிக்கா. அழுது முகம் வீங்கியிருந்துது. மேனேஜரும் இருந்தாரு. நல்லதுன்னு நினைச்சேன். எல்லாரும் இருக்கட்டும்.

ராஜினாமாவுக்கு மேல என் பேப்பர வச்சேன். "சார், இவ சொல்லலன்னு சொன்னாங்க. இவ சொல்லியிருக்கா. மூணு தடவ. நம்பரோட இருக்கு. சரியாகாமலே சரியாச்சுன்னு அமுத்தினது நான்."

பெரிய டாக்டர் கண்ணாடியப் போட்டு ஒவ்வொரு பேப்பராப் படிச்சாரு. ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு. "ஏன் அமுத்தின?"

"மேனேஜர் சொன்னாரு சார். லிஸ்ட் பச்சையா இருக்கணும்னு."

மேனேஜர் சேர்ல சாஞ்சு உக்காந்தாரு. மீசைக்குக் கீழ ஒரு சிரிப்பு. "நானா? நான் எப்பம்மா சொன்னேன்? டோக்கன் நம்பர் சொல்லு பாப்போம்."

என் வார்த்தைய எடுத்து என் மூஞ்சியிலயே அடிச்சாரு. அடி சரியான இடத்துலதான் விழுந்துது. ஊருல உள்ள அத்தன பேருகிட்டயும் நம்பர் கேட்டவ நான். இவரு சொன்னதுக்கு மட்டும் நம்பர் வாங்காம விட்டுட்டேன். மேனேஜருங்கதால கேக்கத் தோணல. ரிப்பேருக்குத்தான் டோக்கன், பெரியவங்க சொல்லுத பொய்க்கு டோக்கன் கிடையாதுன்னு எனக்குள்ளயும் ஒரு நினைப்பு இருந்திருக்கு. அவரு வாயாலதான் சொன்னாரு, கையத்தான் ஆட்டினாரு. என்கிட்டயும் இருந்தது வெறும் 'சொன்னாருலா' மட்டுந்தான்.

கண்ணுல தண்ணி முட்டிட்டு வந்துது. அழ மாட்டேன்னு பல்லக் கடிச்சேன்.

"நம்பர் இல்ல அண்ணாச்சி. நீங்க வாயால சொன்னீங்க, நான் கேட்டேன். அதுக்குச் சாட்சி இல்ல. அது போகட்டும். பட்டன அமுத்தினது என் விரல்தான், அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க சார். ஆனா இவளுக்கு நம்பர் இருக்கு. ஒண்ணு இல்ல, மூணு நம்பர் இருக்கு. சொன்னவள வெளிய அனுப்பிட்டு, கேக்காதவங்க நாங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருந்தா, நாளைக்கு இந்த ஆஸ்பத்திரியில எவளும் எதையும் சொல்ல மாட்டா."

என் குரல் வராந்தா வரைக்கும் போயிருக்கு. பில்லிங் அண்ணன் எட்டிப் பாத்துட்டுப் போனாரு. பெரிய டாக்டர் மேனேஜர ஒரு தடவ பாத்தாரு, என்ன ஒரு தடவ பாத்தாரு. சிஸ்டர்கிட்ட, "ஊசி போட்டா கரண்டு இல்லன்னாலும் பேப்பர்லயாவது எழுதி வைக்கணும். அது உன் தப்பு. தெரியுதா?"ன்னாரு. "தெரியுது சார்"ன்னா. அப்புறம் அந்த ராஜினாமாவ எடுத்து ரெண்டாக் கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டாரு. சீட்டு கிழியுததப் பாத்து நாங்க சந்தோசப்பட்டது அன்னைக்கு மட்டுந்தான்.

எனக்கு மெமோ. மேனேஜருக்கு ஒண்ணும் இல்ல. மொத மெமோவுக்கு, செய்யாத தப்புக்கு, அழுதேன். இதுக்கு அழல. செஞ்ச தப்பு. படிச்சுப் பாத்து, அழுத்தமாக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்து என் மேசையில கண்ணாடிக்கு அடியில வச்சேன். இன்னைக்கும் அங்கனதான் இருக்கு. யாரு வேணும்னாலும் வந்து படிச்சுக்கட்டும்.

அன்னைக்கு மத்தியானமே சாஃப்ட்வேருக்குள்ள போனேன். டோக்கன அழிக்க இல்ல. 'சரியாச்சு' பட்டன என் திரையில இருந்து எடுத்துட்டேன். இனிமே அத அமுத்த என்னால முடியாது. டோக்கன் போட்டவங்க மட்டுந்தான் அமுத்தலாம். வலி யாருக்கோ அவங்கதான் சரியாச்சுன்னு சொல்லணும். ஆஸ்பத்திரியில வேலை பாத்துட்டு இது எனக்கு இவ்வளவு நாளா விளங்கல பாருங்க.

ரெண்டாவது நாள் பேட்டரி வந்துது. மதுரையில இருந்து ஒண்ணும் இல்ல, தென்காசியிலயே கிடைச்சிருக்கு. மாட்டிட்டு, "ம், அமுத்துட்டி"ன்னேன். அவ அமுத்தல. என்னையும் பேட்டரியையும் மாறி மாறிப் பாத்தா. குனிஞ்சு, சுவத்துல இருந்து பிளக்கப் பிடுங்கிட்டுக் கைய கட்டிட்டு நின்னா. திரை அணையல. பத்து நிமிசம் நின்னு பாத்தா. என்ன நம்பல. நம்பாததுதான் சரி. எனக்கு அது உறுத்தத்தான் செஞ்சுது. பொறவு பிளக்க மாட்டிட்டு அவளே அமுத்தினா.

மறுநாள் கேன்டீன்ல பக்கத்துல வந்து உக்காந்தா. "சொல்லிருக்கலாம்லா அக்கா, மொத நாளே?"ன்னா. "சொல்லிருக்கணும்"னேன். அவ தட்டுல இருந்த வடைய எடுத்து என் தட்டுல வச்சா.

இப்ப லிஸ்ட்ல செவப்பு நிறைய நிக்குது. சரியாகாதது சரியாகாமலே தெரியுது. மேனேஜர் அண்ணாச்சிக்கு அது கண்ண உறுத்துது. ஒரு நாள் என் ரூம் வாசல்ல வந்து நின்னாரு. "அந்தப் பட்டன பழையபடி உன் கைக்கு மாத்தும்மா. எவன் எவனோ வச்சிருக்க வேண்டிய விசயமா அது?"

"மாத்தணும்னா டோக்கன் போடுங்க அண்ணாச்சி."

போட்டாரு. அவரு கையால, அவரு பேருல. இப்ப அவரு சொன்னதுக்கும் நம்பர் இருக்கு. அந்த டோக்கன அவரத் தவிர வேற யாராலயும் முடிச்சு விட முடியாது. நான் அதத் தொடப் போறதும் இல்ல.

இன்னைக்கும் அது செவப்பாத்தான் நிக்குது.